என் ரத்தம் பட்ட கை

அன்பு மகன் பிலிப்புக்கு,

உன் பெட்டி கூடத்தில் பாதி திறந்தபடி கிடக்கிறது. உன் அம்மா காலையிலிருந்து அதில் எதையாவது வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறாள். மிளகாய்த்தூள் பொட்டலம் ஒன்று சட்டைகளுக்கு நடுவே போய், பிறகு செருப்புப் பக்கம் வந்து, இப்போது மறுபடியும் மேசைக்கே திரும்பிவிட்டது. வருகிற வாரம் நீ விமானம் ஏறி சபா மாநிலத்துக்குப் போகிறாய். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில், நோயாளிகளுக்கு ரத்தம் எடுக்கும் பிரிவில் உனக்கு முதல் வேலை. உன் வெள்ளைச் சட்டையை நேற்று நான்தான் இஸ்திரி போட்டு வைத்தேன். காலர் கோணலாக இருந்தால் அம்மாவைத் திட்டாதே.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஏன் எழுதுகிறேன் என்று நீ சிரிப்பாய். நேரில் பேசினால் பாதியில் உனக்குப் போன் வரும், நான் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான். போன ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பூசை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பயிற்சிக்குப் போன இடத்தைப் பற்றி நீ பேசினாய். "புக்குல இருக்கிற மாதிரி ஒவ்வொருத்தருக்கும் கை கழுவி, கிளவுஸ் மாத்தி, ஸ்பிரிட் காயற வரைக்கும் நின்னா வரிசை ரோட்டுக்கு வந்துரும் லா, பா. ஆள் பார்த்துச் செஞ்சுக்கலாம்னு சீனியருங்க சொல்றாங்க" என்றாய். உன் அம்மா தட்டிலிருந்து தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன். ஆள் பார்த்து என்ற அந்தச் சொல் மட்டும் அன்றிலிருந்து எனக்குள் கிடந்து உறுத்துகிறது.

உன் படிப்பில் ஊசி பிடிக்கிறவரின் பக்கம் விவரமாக இருந்திருக்கும். நான் வாழ்ந்தது கையை நீட்டி உட்காருகிறவரின் பக்கம். அதைத்தான் எழுதப்போகிறேன். உன்னோடு படித்து முடித்த பிள்ளைகளுக்கும் இதைக் காட்டலாம். எனக்கு இப்போது அதில் வெட்கமில்லை. எனக்கு ஈரலில் நோய் இருந்தது, மருந்து சாப்பிட்டேன், சரியாகிவிட்டது என்பது வரைக்கும் உனக்குத் தெரியும். அந்த வருடங்களில் எங்களுக்கு என்ன நடந்தது என்று உனக்கு நாங்கள் சொன்னதில்லை. நீ அப்போது மிகச் சின்னப் பிள்ளை.

என் வலது தொடையில் இருக்கும் நீளத் தழும்பு எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு, கெமாஸ் பக்கத்துத் தோட்டத்தில் எனக்குக் குலை வெட்டும் வேலை. எண்ணெய்ச் செம்பனை மரம் வயதாகி உயர்ந்துவிட்டால், நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, கழுத்தை அண்ணாந்துகொண்டு மட்டையை இழுத்து அறுக்க வேண்டும். மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், அறுத்த மட்டை சரிந்து கம்பின் மேலேயே விழுந்தது. கம்பு என் பிடியை விட்டுச் சுழன்றது. அரிவாள் தொடையில் இறங்கியது. வலி அவ்வளவாக நினைவில்லை. பூட்ஸுக்குள் சூடாக ஏதோ நிறைந்ததுதான் நினைவிருக்கிறது. கூட வேலை செய்தவர்கள் கைலியைக் கிழித்து இறுக்கிக் கட்டி, குலை ஏற்றும் லோரியிலேயே என்னைக் கிடத்திக் கொண்டுபோனார்கள். நான் கண்ணை மூடிவிடக் கூடாதென்று, எங்களை வேலை வாங்கும் மண்டோர் வழிநெடுக என் கன்னத்தில் தட்டிக்கொண்டே வந்தாராம்.

ஆஸ்பத்திரியில் எனக்கு ரத்தம் ஏற்றினார்கள். யார் கொடுத்த ரத்தமோ தெரியாது. அதனால்தான் பிழைத்தேன். அதனோடு ஒரு கிருமியும் உள்ளே வந்துவிட்டது. அந்தக் காலத்தில் அதைக் கண்டுபிடிக்கும் சோதனையே கிடையாது. கொடுத்தவருக்கும் தெரிந்திருக்காது, ஏற்றியவருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு யார் மேலும் கோபமில்லை. அந்த ரத்தம் கிடைக்காமல் போயிருந்தால் உன் அம்மாவை நான் பார்த்திருக்கவே மாட்டேன். நீயும் இந்தப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருக்க மாட்டாய்.

பல வருடம் ஒன்றும் தெரியவில்லை. நீ தடிகா பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கிய சமயம், தம்பினில் கோவில் மண்டபத்தில் ரத்த தானம் நடத்தினார்கள். எனக்கு ஒருவர் கொடுத்தாரே, நானும் கொடுக்கலாம் என்று ஆசையாகப் போய்ப் படுத்தேன். கொஞ்ச நாள் கழித்துப் போன் வந்தது. நேரில் வரச் சொன்னார்கள். ஹெபடைட்டிஸ் சி என்றார் டாக்டர். ஈரலை மெதுவாகத் தின்னும் கிருமி, ரத்தத்தின் வழியாகத்தான் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும் என்று பொறுமையாகவே சொன்னார். எனக்கு அதில் பாதி காதில் ஏறவில்லை. உன் அம்மாவையும் உன்னையும் சோதிக்க வேண்டும் என்றது மட்டும் ஏறியது. உங்கள் இருவருக்கும் இல்லை என்று தெரியும் வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகு ஒரு கிளினிக்கில் ரத்தம் கொடுக்கப் போனேன். எந்த ஊர், எந்த கிளினிக் என்பது வேண்டாம். கூடத்தில் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ரத்தம் எடுக்க ஓர் இளைஞன். எனக்கு முன்னால் போனவர்களுக்கெல்லாம் வெறுங்கையால்தான் எடுத்தான். என் காகிதத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. உள்ளே திரும்பி, "ஹெப் சி கேஸ்! ஜாகா, ஜாகா!" என்று சத்தமாகச் சொன்னான். கவனம், கவனம் என்று. கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவன் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கையுறை மாட்டினான். மேசை மேல் பழைய பேப்பரை விரித்து அதன்மேல் என் கையை வைக்கச் சொன்னான். நான் காலையில் குளித்து, ஞாயிறு பூசைக்கு எடுத்து வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். "குளிச்சிட்டுத்தான் வந்தேன், தம்பி" என்று அவனிடம் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

உன் அம்மா என்னோடு வந்திருந்தாள். அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்பிரிட் தடவிய இடத்தை அவன் வாயால் ஊதிக் காயவைத்தான். ஊசி போடுவதற்கு முன் அதே இடத்தை மறுபடியும் விரலால் தடவினான். எடுத்து முடித்த பிறகு, அந்த இரண்டு கையுறையோடும் மேசை டிராயரைத் திறந்தான், பேனாவை எடுத்தான், அடித்த போனை எடுத்துக் காதில் வைத்தான். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோதுதான் அம்மா வாயைத் திறந்தாள். "நம்மளப் பார்த்து அவ்வளவு பயந்தான். அந்தக் கையோடயே போனத் தொட்டுக் காதுல வச்சுக்கிறான், பாருங்க. பாவம்" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பயம் ஒரு மனிதனைச் சுத்தமாக ஆக்குவதில்லை என்று நான் அந்த பஸ் நிறுத்தத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

அவனைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நானும் அதே பயத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன். குலை வெட்டுகிறவன் கை உனக்குத் தெரியுமே. செம்பனை மட்டை முழுக்க முள். எந்த நாளும் விரலில் எங்காவது ஒரு கீறல் இருக்கும். என் தட்டு, என் தம்ளர், என் துண்டு எல்லாவற்றையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். உன்னைத் தூக்குவதை நிறுத்திவிட்டேன். நீ கையை நீட்டிக்கொண்டு வந்தால், வேலை இருக்கிறது என்று சொல்லி எழுந்து போவேன். ஒருநாள் நம் லயத்து வீட்டு வாசலில் சைக்கிள் ஓட்டி விழுந்தாய். முட்டி கிழிந்து ரத்தம் வந்தது. நான் உனக்கு எதிரிலேயே நின்றிருந்தேன். என் கட்டைவிரலில் அன்றைக்குப் புதுக் காயம். என் கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, உள்ளே பார்த்து அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள், வர நேரமாயிற்று. நீ மண்ணில் உட்கார்ந்து, "அப்பா, தூக்கு" என்று அழுதுகொண்டே இருந்தாய். அப்போது தோட்டத்துக் கணக்கர் கிராணி வீட்டு வேலைக்காரர் ஓடிவந்து உன்னைத் தூக்கினார். போகும்போது அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்கவில்லை. என்ன அப்பன் இவன் என்று நினைத்திருப்பார். நியாயம்தானே.

இந்த நிலைமையில்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு என்னை மாற்றினார்கள். சில மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறி, மாறி, போய்ச் சேருவேன். அங்கே ரத்தம் எடுக்கிறவள் கஸ்தூரி. பாரோயிலிருந்து வேலைக்கு வருகிற பெண். கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. முதல் நாள் அவள் கையுறைப் பெட்டியில் கையை விட்டதுமே எனக்கு உடம்பு கூசியது. தலையைக் குனிந்துகொண்டேன். "என்னா அண்ணே, ஊசின்னா பயமா?" என்று கேட்டாள். "இல்ல தங்கச்சி. எனக்கு என்னான்னு காகிதத்துல இருக்கும். பார்த்துக்குங்க" என்றேன். அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை. "உங்களுக்காகப் போடல, அண்ணே. எல்லாருக்கும்தான் போடுறேன். இப்ப எழுந்து போனாங்களே, அந்தப் பட்டுப்புடவை அம்மா, அவங்களுக்கும் இதே மாதிரிதான்" என்றாள். குப்பைத் தொட்டியைக் காட்டினாள். கழற்றிப் போட்ட கையுறைகள் அதில் குவிந்து கிடந்தன.

அதன் பிறகு நான் கவனித்துப் பார்க்க ஆரம்பித்தேன். அவள் சொன்னது உண்மைதான். சர்க்கரை பார்க்க வந்த பெரிய மனிதரோ, பச்சை குத்திய லோரி டிரைவரோ, கைக்குழந்தையோடு வந்த மலாய்க்காரப் பெண்ணோ, யாராக இருந்தாலும் அவள் செய்தது ஒன்றுதான். சோப்புப் போட்டுக் கை கழுவுவாள். புதுக் கையுறை. ஊசி உறையை நமக்கு முன்னால் வைத்துத்தான் பிரிப்பாள். ஸ்பிரிட்டைத் தடவிவிட்டு, அது தானாகக் காயும் வரைக்கும் நம்மிடம் ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். எந்தத் தோட்டம், எத்தனை பிள்ளை, மழையா வெயிலா. அந்தப் பேச்சு அவளுக்குக் காத்திருக்கும் நேரம் என்று எனக்கு வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது. தடவிய இடத்தை மறுபடி தொடமாட்டாள். எடுத்த ஊசியை மூடியில் செருகாமல் நேரே மஞ்சள் டப்பாவில் போடுவாள். இது மட்டும் எனக்கு வேடிக்கையாக இருந்தது. நான் அரிவாளுக்கு உறை மாட்டாமல் மோட்டார் சைக்கிளில் ஏறினால் மண்டோர் கத்துவார். "உங்க அரிவாள் நாளைக்கும் வேணும், அண்ணே. இது ஒரு தடவதான். மூடி மாட்டப் போய்த்தான் நெறைய பேர் கையில குத்திக்கிறாங்க" என்றாள்.

அவளிடம்தான் உன்னைப் பற்றியும் கேட்டேன். பிள்ளையைத் தூக்கலாமா என்று. அவள் என்னைப் பார்த்தாள். "இத்தனை நாள் தூக்கலையா?" என்றாள். நான் தலையாட்டினேன். கையுறையைக் கழற்றிப் போட்டு, கை கழுவிக்கொண்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள். வரிசையில் ஆள் இருந்தது. அவர்களைக் கொஞ்சம் இருக்கச் சொன்னாள். "கட்டிப்பிடிச்சா வராது, ஒரே தட்டுல சாப்பிட்டா வராது, அண்ணே. உங்க ரத்தம் இன்னொருத்தர் ரத்தத்தோட கலந்தாத்தான். முள்ளு கிழிச்சா சோப்புப் போட்டுக் கழுவி, பிளாஸ்டர் ஒட்டி மூடுங்க. சவரக் கத்தியும் டூத் பிரஷும் தனியா வச்சுக்குங்க. ரத்தம் தரையில சிந்துச்சுன்னா பிளீச் ஊத்தித் துடைங்க. அப்புறம் பிள்ளைய நல்லாத் தூக்குங்க" என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் விரல்களில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு உன்னைத் தோளில் தூக்கி வைத்துத் தோட்டத்துச் சாலையில் நடந்தேன். நீ என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு கத்தினாய். உன் அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். எது தொற்றும், எது தொற்றாது என்று சரியாகத் தெரிவதில் இவ்வளவு விடுதலை இருக்கிறது.

இனி எழுத வேண்டியதுதான் கடினம்.

அடுத்த வருடம் ஒரு நாள் ரத்தம் கொடுக்கப் போனபோது கஸ்தூரிக்கு வயிறு நன்றாகத் தெரிந்தது. "எப்பம்மா?" என்றேன். "இன்னும் கொஞ்ச நாள் இருக்கு, அண்ணே" என்று சிரித்தாள். அன்றைக்குக் கூட்டம் அதிகம். பஸ் தாமதமாகி, நான் வெறும் வயிற்றோடு வெகு நேரம் காத்திருந்தேன். அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும் மஞ்சள் டப்பா நிறைந்துவிட்டதென்று எடுத்துப் போயிருந்தார்கள். புதியது சுவரோரம் வேறொரு மேசையில் இருந்தது. அவள் குழாய்களில் ரத்தம் எடுத்து முடித்து, ஊசியை வெளியே இழுத்து, பஞ்சை வைத்து அழுத்தச் சொன்னாள். ஊசியோடு சுவர்ப் பக்கம் திரும்ப எழுந்தாள். எனக்குக் காது அடைத்தது. விளக்கெல்லாம் மங்கியது. அதற்கு முன் எனக்கு மயக்கம் வந்ததே இல்லை. நாற்காலிக்குக் கைப்பிடி இல்லாததால் நான் அப்படியே முன்பக்கம் சரிந்து அவள் மேலேயே விழுந்தேன்.

கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். யாரோ என் காலைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கஸ்தூரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்று இடது கையைத் தண்ணீரில் காட்டி, சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். கிழிந்த கையுறை கீழே கிடந்தது. நான் எழுந்திருக்கப் பார்த்ததும் அவள் தலையைத் திருப்பி, "படுங்கண்ணே, படுங்க. உங்களுக்கு அடி படலையே?" என்றாள். முதலில் அவள் கேட்டது அதைத்தான். அப்புறம்தான் அவள் கட்டைவிரலின் அடியில் ஒரு சிவப்புப் புள்ளியைப் பார்த்தேன். அவ்வளவு சின்னப் புள்ளி. என் தொடையை அரிவாள் பிளந்தபோதுகூட நான் அப்படி நடுங்கியதில்லை.

தலைமை நர்ஸான மூத்த மிஸி வந்தார். விரலை யாரும் நசுக்க வேண்டாம், ஓடும் தண்ணீரே போதும் என்றார். அங்கேயே நின்று எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு கஸ்தூரியை டாக்டரிடம் அழைத்துப் போனார். திரும்பி வந்தவரிடம், "மிஸி, அந்தப் பொண்ணுக்கு உடனே போட ஏதாவது மருந்து இருக்குதா? ஊசியோ மாத்திரையோ?" என்று கேட்டேன். "இந்தக் கிருமிக்கு அப்படி ஒண்ணும் இல்லை, அங்கிள். சோதிச்சுக்கிட்டே இருக்கணும். காத்திருக்கணும்" என்றார். பிறகு என் தோளில் கை வைத்து, "ஒரு தடவை குத்தினா கட்டாயம் வந்துரும்னு இல்லை. நீங்க மயங்கி விழுந்தது உங்க தப்பும் இல்லை. டப்பா அங்க இருந்தது எங்க தப்பு" என்றார். அந்த வார்த்தைக்காக அவரை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். ஆனால் அன்றைக்கு அது என்னை ஆற்றவில்லை. என் உடம்பிலிருந்து போன ஒரு சொட்டு ஒரு பெண்ணையும், இன்னும் பிறக்காத ஒரு பிள்ளையையும் என்ன செய்யப்போகிறதோ என்று நினைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

அந்த மாதங்கள் உனக்கு நினைவிருக்காது. அம்மா ஒவ்வொரு ஞாயிறும் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். யாருக்கு என்று கேட்டவர்களிடம், ஒரு சொந்தக்காரப் பெண்ணுக்குப் பிரசவம் என்றாள். வீட்டில் ஜெபம் சொல்லும்போது உன்னையும் கைகூப்ப வைத்து, "கஸ்தூரி அக்காவுக்காக" என்று சொல்லச் சொன்னாள். நீயும் சொன்னாய். "அது யாரும்மா, கஸ்தூரி அக்கா?" என்று கேட்டாய். "அப்பாவைத் தொட்டு வைத்தியம் பாக்கிறவங்க" என்றாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் வந்ததும் நான் போகவில்லை என்று சொல்லிவிட்டேன். இனி யார் கையிலும் என் ரத்தம் பட வேண்டாம், ஈரல் போனால் போகட்டும் என்றேன். உன் அம்மா சண்டை போடுகிறவள் இல்லை, உனக்குத் தெரியும். பிளாஸ்கில் தேத்தண்ணியை ஊற்றி, ரொட்டியைப் பொட்டலம் கட்டிப் பையில் வைத்தாள். "ரத்தம் குடுத்ததும் இதச் சாப்பிடுங்க. போகாம இருந்தா அந்தப் பொண்ணுக்கு என்னாங்க நல்லது நடக்கப் போவுது? போன தடவ மயக்கம் வந்துச்சுன்னு முதல்லயே சொல்லிட்டு உக்காருங்க" என்றாள். போனேன். ஆனால் அங்கே நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. புதிதாக இருந்த பையன் எனக்கு முன்னால் இருந்தவர்களிடமே கேட்டுக்கொண்டிருந்தான்: "முன்ன எப்பயாவது மயக்கம் வந்திருக்கா? சாப்பிட்டு ரொம்ப நேரம் ஆச்சா?" வந்திருக்கிறது என்று சொன்னதும் என்னைக் கட்டிலில் படுக்கவைத்தான். நாற்காலிகள் எல்லாம் மாறியிருந்தன. இரண்டு பக்கமும் கைப்பிடி. ஒவ்வொரு நாற்காலிக்கும் கையெட்டும் இடத்தில் ஒரு மஞ்சள் டப்பா, முக்கால்வாசியில் ஒரு கோடு. அந்தக் கோட்டைத் தாண்டுவதற்குள் மாற்றிவிடுகிறார்கள். கஸ்தூரி எங்கே என்று கேட்டேன். பிரசவ லீவு என்றான். அவளுக்குச் சோதனையில் என்ன வந்தது என்று கேட்டேன். "அது அவங்க சொந்த விஷயம், அங்கிள். நான் சொல்லக் கூடாது" என்றான். எனக்கு வருத்தமாக இருந்தது, மரியாதையாகவும் இருந்தது. என் விஷயத்தையும் இந்தப் பையன் இப்படித்தான் காப்பாற்றுவான் என்று தெரிந்தது.

அதற்கடுத்த முறை கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்துகொண்டு கஸ்தூரியே வெளியே வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். என் எண்ணைக் கூப்பிடாமல், "அண்ணே, உள்ள வாங்க" என்றாள்.  உள்ளே போனதும், "படுங்க, இனிமே உங்களுக்குக் கட்டில்தான்" என்றாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிங்க்கில் கை கழுவினாள். கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "எனக்கு ஒண்ணும் இல்ல, அண்ணே. கடைசிச் சோதனையும் முடிஞ்சது. பிள்ளைக்கும் ஒண்ணும் இல்ல. பொம்பளப் பிள்ளை." நான் மேலே பார்த்துப் படுத்திருந்ததால் கண்ணீர் காதுக்குள் ஓடியது. அவள் கையுறை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "அழாதீங்கண்ணே. துடைச்சு விடக்கூட முடியாது, கிளவுஸ் போட்டுட்டேன்" என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

"இன்னொருத்தர எடுக்கச் சொல்லக் கூடாதா, தங்கச்சி? உனக்கு பயமா இல்லையா?" என்று கேட்டேன். அவள் என் கையைத் திருப்பி நரம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இருந்துச்சு. அந்தக் கொஞ்ச மாசம் வீட்டுக்காரர் முன்னால அழக்கூட முடியல, அவர் என்னைவிடப் பயந்திருந்தார். மறுபடி வேலைக்கு வந்த அன்னைக்கு ஊசியப் பார்த்ததும் கை ஆடுச்சு. போய்க் கை கழுவினேன். கழுவி முடிக்கிறதுக்குள்ள நின்னுடுச்சு. இப்பவும் அப்படித்தான் ஒவ்வொரு ஆளுக்கும். உங்களுக்கும் அப்படித்தான்" என்றாள். ஸ்பிரிட் காயும் வரைக்கும் தன் மகளைப் பற்றிப் பேசினாள். தூக்கம் போதவில்லை என்றாள். ஊசி இறங்கியது எனக்குத் தெரியவே இல்லை. டப்பாவில் அது விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

பிலிப்பு, வரிசை ரோட்டுக்கு வந்துவிடும் என்று சொன்னாயே. கஸ்தூரியின் வரிசையும் நீளமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அதில் குறை இருந்ததில்லை. கை கழுவுகிற நேரம் வீணான நேரம் என்று ஒருவரும் நினைக்கவில்லை. ஆள் பார்த்துச் செய்யலாம் என்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, களைத்துப் போனவர்கள். ஆனால் ஆளைப் பார்த்தால் என்ன தெரியும்? நான் கோவில் பீடத்துக்கு முன்னால் நிற்கும்போது எடுத்த போட்டோ கூடத்தில் தொங்குகிறதே, அதில் நான் எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறேன்! அப்போது என் ரத்தம் முழுக்கக் கிருமி. நீ சபாவில் செம்பனைத் தோட்டத்து ஆட்களைப் பார்ப்பாய். வேறு தேசத்திலிருந்து வந்தவர்கள், உன் பாஷை தெரியாதவர்கள், வேர்வை நாற்றத்தோடு வேலையிலிருந்து நேரே வந்தவர்கள். டை கட்டியவர்களும் வருவார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி கை கழுவு, ஒரே மாதிரி கையுறை போடு. அப்போதுதான் உன் கையுறையைப் பார்த்து யாரும் தலை குனிய மாட்டார்கள். உன்னைக் காக்கிற முறையும் அவர்களை மதிக்கிற முறையும் ஒன்றுதான். அதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். உன் கையிலும் ஒரு நாள் குத்தலாம். எவ்வளவு கவனமாக இருந்தாலும் நடக்கலாம். நடந்தால் மறைக்காதே. ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அந்த நிமிடமே பெரியவர்களிடம் சொல். பிறகு எங்களுக்குப் போன் செய். எந்த நேரமானாலும் எடுப்போம். காத்திருப்பது எப்படி என்று எங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கம் படுத்திருக்கிறவரிடம், உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று ஒரு வார்த்தை கேட்டுவிடு. அவருக்கு அது வாழ்நாள் முழுக்கப் போதும்.

என் கதை முடிந்த விதம் உனக்குத் தெரியும், ஆனால் ஒரு சின்ன விஷயம் தெரியாது. நீ காலேஜில் இருந்தபோது புது மாத்திரை வந்திருக்கிறது என்று எனக்குக் கொடுத்தார்கள். சாப்பிட்டு முடித்து, மறுபடி சோதித்து, ரத்தத்தில் கிருமி தென்படவில்லை என்று டாக்டர் சொன்ன அன்று உனக்குப் போன் செய்தேன். நீ பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் கத்திச் சொன்னது எனக்குக் கேட்டது. மறுநாள் காலையில் நான் தம்பின் பாசாரில் மீன் வாங்கி வந்து சிங்க்கில் வைத்து அரிந்துகொண்டிருந்தேன். கத்தி வழுக்கி விரலில் பட்டது. நல்ல வெட்டு. பழைய வழக்கப்படி கையை உயர்த்திக்கொண்டு, "கிட்ட வராதே!" என்று கத்தினேன். உன் அம்மா உள்ளேயிருந்து வந்தாள். அவள் நிற்கவில்லை. நேரே வந்து, ரத்தம் ஒழுகிய என் விரலைத் தன் வெறுங்கையால் பிடித்து அழுத்திக்கொண்டாள். நான் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். "சும்மா இருங்க" என்றாள். அவள் விரல்களுக்கு இடையே என் ரத்தம் வழிந்தது. இத்தனை வருடக் குடும்பத்தில் அதை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை. ரத்தம் நிற்கும் வரைக்கும் அப்படியே நின்றுகொண்டிருந்தோம்.

பிறகு இரண்டு பேரும் சோப்புப் போட்டுக் கை கழுவினோம்.

அப்பா